மாலு என்றால் மீன்

அன்புள்ள ஐயா,

'சுராங்கனிக்கா மாலு கண்ணா வா' என்ற பாடலை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவன் நான். இன்று ஆளாளுக்கு அதைப் பாடி இணையத்தில் ஏற்றுகிறார்கள். ஒருவர் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு தாலாட்டுப்போல் இழுக்கிறார். இன்னொருவர் நடுவில் ராப் செருகுகிறார். மூலப் பாடலின் புனிதத்தைக் கெடுக்கும் இவர்களை நீங்கள் கண்டிக்க வேண்டும். என் மகள் பள்ளி ஆண்டு விழாவில் இதைப் பாடவிருக்கிறாள். எந்தப் பதிப்பைக் கேட்டு அவள் பழகலாம்? இதை உண்மையில் இயற்றியவர் யார்?

ஒரு வாசகர், பரமக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று விடியற்காலையில் நான் பாம்பனில் இருந்தேன். கரையில் சூடை மீனைக் கூறு கட்டி ஏலம் விட்டுக்கொண்டிருந்தபோது, ஏலக்காரரின் சட்டைப்பையிலிருந்த கைப்பேசி இந்தப் பாடலைத்தான் பாடியது. அவர் எடுக்கவில்லை; அது முழுப் பல்லவியையும் பாடி ஓய்ந்தது. மீனுக்கு நடுவே நின்று மீன் பாட்டைக் கேட்கிறோம் என்பது அங்கிருந்த எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்த நினைப்போடு வீடு திரும்பியவனுக்கு உங்கள் கடிதம் காத்திருந்தது.

இயற்றியவர் யார் என்பதை உரிமைத்தொகை வாங்குபவர்களும் வழக்கறிஞர்களும் பேசிக்கொள்ளட்டும். கிதார், ராப் ஆகியவற்றின் மீதும் எனக்குப் பெரிய புகார் இல்லை. ஆனால், 'புனிதம்' என்று எழுதினீர்களே, அதை மட்டும் விட முடியாது. இந்தப் பாட்டு பைலா என்னும் இலங்கை ஆட்டப் பாட்டு வகையைச் சேர்ந்தது. பைலா என்ற பெயரே 'நடனமாடு' என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. 1505இல் இலங்கையில் கால்வைத்த போர்த்துக்கீசியரோடும், அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடும் அங்கே வேர்விட்டு, சிங்களத்தில் கிளைத்து, கல்யாண வீடுகளிலும் கள் மணக்கும் கூட்டங்களிலும் வளர்ந்த இசை அது. நீங்கள் மூலமென்று கும்பிடும் குரல் யாழ்ப்பாணத் தமிழரான ஏ.ஈ. மனோகரனுடையது. ஈழத்துப் பொப் இசை துள்ளிக் கிளம்பிய காலத்தில் சிங்களப் பைலாவைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். 2018 ஜனவரியில் சென்னையில் மறையும்வரை, போன இடமெல்லாம் அதைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அதை எடுத்தாண்டார். மலேசியா வாசுதேவன் பாடினார். இத்தனை கை மாறிய பாட்டுக்கு நீங்கள் தீட்டுப் பார்ப்பது வேடிக்கையாக இருக்கிறது.

அதிலும், புனிதம் காக்கப் புறப்பட்ட நீங்களே முதல் வரியைப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள்! 'கண்ணா வா' என்று எவரும் அதில் எவரையும் அழைக்கவில்லை. 'சுராங்கனிட்ட மாலு கெனாவா' என்பதே சிங்கள வரி. 'மாலு' என்றால் மீன். 'கெனாவா' என்றால் கொண்டுவந்தது. பெயரோடு ஒட்டிய 'ட்ட' நம்முடைய 'க்கு'. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்தாயிற்று, அவ்வளவுதான் சங்கதி. அடுத்து வரும் 'தான் கெனாப்பு மாலு' என்பது இப்போதுதான் கொண்டுவந்த மீன், பச்சை மீன் என்று கூவுவது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான் இருக்கிறது. அந்தக் கடலின் மீனைத் தின்றுகொண்டே, அதைப் பற்றிய சொல்லுக்குப் பொருள் கேட்காமல் இத்தனை ஆண்டுகள் பாடியிருக்கிறோம்.

திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்களைவிட மோசமாக, மேடையேறி ஒலிபெருக்கியில் அந்தப் பிழையைச் செய்தவன் நான். 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகு படகாக வந்திறங்கியவர்கள் மண்டபம் முகாமில் தங்கியிருந்தார்கள். அந்த ஆண்டு எங்கள் ஊர்த் திருவிழாவில் எங்கள் மெல்லிசைக் குழு பாடியது. முகாமிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருப்பதைப் பார்த்து, அவர்கள் ஊர்ப் பாட்டைப் பாடி மகிழ்விப்போம் என்ற பெருமிதத்தோடு 'மாலு கண்ணா வா' என்று கண்ணனைக் கூவிக் கூவி அழைத்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, "தம்பி, நல்லாப் பாடினனீங்கள். ஆனால் அது கண்ணா வா இல்லை, கெனாவா. மீன் கொண்டு வந்தது எண்டு அர்த்தம். என்ட அப்பா தலைமன்னாரில இருந்து ரயிலில மீன் கொண்டுபோய் மதவாச்சியில விக்கிறவர். சிங்களச் சனம்தான் வாங்கிறது" என்றார். பிறகு வாத்தியம் எதுவும் இல்லாமல், தெருவில் கூடை இறக்கி வைப்பவர்போல, அந்த ஒரு வரியை மெதுவாகப் பாடிக் காட்டினார். எந்த மொழிக்காரரின் அரசுக்கு அஞ்சி வீட்டையும் வலையையும் விட்டுவிட்டு வந்தாரோ, அந்த மொழியின் ஒரு சொல்லைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவர் காட்டிய அக்கறையின் முன் நான் குறுகிப்போய் நின்றேன். 'யார் கொண்டுவந்தது, அம்மா?' என்று கேட்டேன். "அது பாட்டில இல்லை, தம்பி" என்றார்.

பேச்சுச் சிங்களத்தின் வினைச்சொல் ஆளைக் காட்டுவதில்லை என்பதைப் பின்னாளில்தான் அறிந்துகொண்டேன். தமிழில் வந்தேன், வந்தான், வந்தார்கள் என்று சொல்லியே தீர வேண்டும். எழுவாயை மறைத்தாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். 'கெனாவா'வில் அந்தச் சிக்கல் இல்லை. நான் கொண்டுவந்தாலும், அவன் கொண்டுவந்தாலும், ஊரே சேர்ந்து கொண்டுவந்தாலும் அதே சொல்தான். பாடுபவர் எவரோ அவர் கையில் கூடை வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்துக்காரர் பாடினாலும், சினிமாப் பாடகர் பாடினாலும், உங்களுக்குப் பிடிக்காத அந்தக் கிதார்ப் பையன் பாடினாலும் பாட்டு முகம் சுளிக்காமல் இடம்கொடுப்பதற்கு இந்த இலக்கணமும் ஒரு காரணம் என்று நான் பிடிவாதமாக நம்புகிறேன். மொழியியல் படித்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார்; சிரிக்கட்டும்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனோகரன் பாடியதைக் கேட்கட்டும். வாசுதேவன் பாடியதையும் கேட்கட்டும். தாளத்தை அவள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம், நடுவில் ராப் வேண்டுமென்றாலும் தடுக்காதீர்கள். 'கெனாவா' மட்டும் திருத்தமாக வரட்டும். ஒத்திகைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவளைப் பாம்பனுக்கு அழைத்துவாருங்கள். ஆறு மணிக்குள் வந்தால் ஏலத்தைப் பார்த்துவிடலாம்.