விரதம் இருந்தால் குடலில் ஸ்டெம் செல்கள் புதுப்பிக்கப்படும் என்பது உண்மையா?

எலிகளில் உண்மை. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் பாதிக் கதைதான் இருக்கிறது. எங்கள் குடும்பக் குழுவில் பெரியப்பாவும் அதை அனுப்பியிருந்தார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

நீங்கள் விரதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிறுகுடலின் உள்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்ந்துகொண்டேதான் இருக்கும். குடல்சுவரில் உள்ள நுண்ணிய குழிகளின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது புதிய செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் 2007-இல் இவற்றை அடையாளம் காட்டினார்கள்.

சரி, பட்டினிக்கு வருவோம். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஓமர் யில்மாஸ் குழு 2018-இல் எலிகளை 24 மணி நேரம் பட்டினி போட்டது. அவற்றின் ஸ்டெம் செல்கள் சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கின. ஆய்வகத்தில் வளர்த்தபோது, குட்டிக் குடல் போன்ற திசுக்களை உருவாக்கும் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஃபார்வர்டு செய்தி இதோடு நின்றுவிடுகிறது.

அதே குழு 2024-இல் இன்னொன்றைக் கண்டது. செல்கள் மிக வேகமாகப் பெருகியது பட்டினியின்போது அல்ல. விரதம் முடித்து மறுபடி சாப்பிட்ட அடுத்த 24 மணி நேரத்தில்தான். சிக்கலும் அங்கேதான். அந்த நேரத்தில் ஸ்டெம் செல்லில் புற்றுநோய்க்கு வழிவிடும் மரபணு மாற்றம் ஒன்றை ஏற்படுத்தியபோது, பட்டினியில் இருந்த எலிகளைவிட மறுபடி சாப்பிட்ட எலிகளுக்குக் குடல்கட்டிகள் அதிகம் வந்தன. வேகமாகப் பெருகும் செல், கோளாறையும் சேர்த்தே பெருக்கும்.

இன்னொரு வேடிக்கை: கொழுப்பு மிகுந்த தீனியைப் பல மாதங்கள் கொடுத்தாலும் எலிகளில் ஸ்டெம் செல்கள் கூடுகின்றன, கட்டிகளும் கூடுகின்றன. இது 2016 ஆய்வு. ஆகவே 'ஸ்டெம் செல் அதிகரிக்கும்' என்று யாராவது விளம்பரம் செய்தால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

பெருங்குடலில் கதை வேறு. நார்ச்சத்தை பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. மேலே உள்ள முதிர்ந்த செல்கள் அதையே உணவாக எரித்துவிடுகின்றன. குழியின் அடிவரை போனால் அது ஸ்டெம் செல்களின் பெருக்கத்தைத் தடுத்துவிடும். ஆனால் அங்கே போவதற்குள் மேலேயே தீர்ந்துவிடுகிறது.

பெரியப்பா ஏகாதசி விரதத்தைத் தாராளமாகத் தொடரட்டும், அது அவருடைய நம்பிக்கை. குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம்.