முதலில் ஒழுங்காகப் படுங்கள்: சர்ஃபிங் கேள்வி-பதில்

வெள்ளி ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறி, ஞாயிறு ராத்திரி திரும்பி, திங்கள் காலை காதில் மணலோடு லாகின் பண்ணுகிற கூட்டம் பெங்களூரில் பெருகிவிட்டது. இந்த முறை கேள்விகள் எல்லாம் அவர்களிடமிருந்துதான். நான் கடலூர்ப் பக்கத்துக்காரன். வார நாளில் இங்கே நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன், சனி ஞாயிறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறேன்.

நாலு தடவை மகாபலிபுரம் போய்வந்துவிட்டேன் சார். உடைந்து வரும் நுரை அலையில் நிற்க வருகிறது. உடையாத அலையை மட்டும் பிடிக்க முடியவில்லை. உயிரைக் கொடுத்துத் துழாவினாலும் அது அடியில் நழுவிப் போய்விடுகிறது. கையில் பலம் போதாதா?
— எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்

வந்த கேள்விகளில் பாதி இதுதான். கைப்பலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என் வகுப்பில் ஜிம் உடம்புக்காரர்கள் தவிக்கும்போது ஒல்லிப் பெண்கள் சாவகாசமாக ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நுரை அலை உங்களைப் பின்னாலிருந்து தள்ளிவிடும், நீங்கள் சும்மா இருந்தாலும் போகும். உடையாத அலை அப்படிச் செய்யாது. ஓடுகிற பஸ்ஸில் தொத்துகிறவன் பஸ் பக்கத்தில் வந்த பிறகா ஓட ஆரம்பிக்கிறான்? அதன் வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்தால்தான் கம்பி கைக்குச் சிக்கும். அலை நாலைந்து ஆள் நீளத் தூரத்தில் இருக்கும்போதே துழாவ ஆரம்பித்துவிடுங்கள்.

அடுத்து, படுத்திருக்கும் இடம். போர்டின் மூக்கு தண்ணீருக்கு மேல் இரண்டு விரல் உயரம் தெரிய வேண்டும். அதற்கு மேல் தூக்கியிருந்தால் நீங்கள் பின்னால் கிடக்கிறீர்கள், வால் அமுங்கி பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். மூக்கு முங்கினால் அலை தூக்கியதும் குட்டிக்கரணம்தான். அமைதியான தண்ணீரில் சரியான இடம் பார்த்துப் படுத்து, தாடை எங்கே வருகிறதோ அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த டேப்பை விட்டு அசையாதீர்கள்.

மூன்றாவது, கடலில் நீங்கள் காத்திருக்கும் இடம். அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழம் வந்ததும் உடையும். ஒரு மீட்டர் அலை என்றால் மார்பளவுத் தண்ணீரில். அதைத் தாண்டி ரொம்ப வெளியே உட்கார்ந்திருந்தால் அலைக்கு இன்னும் சரிவே வந்திருக்காது, சறுக்க என்ன இருக்கிறது? ஆகவே போனதும் குதிக்காதீர்கள். கரையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து முதல் வெள்ளை எங்கே தெரிகிறது என்று பாருங்கள். கரையில் ஒரு மரத்தையோ படகையோ அடையாளம் வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்குச் சற்று வெளியே காத்திருங்கள். ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் மட்டம் மாறினால் இடமும் மாறும்.

கடைசித் தப்பு எல்லாரும் செய்வது. வால் தூக்குவது தெரிந்த கணத்தில் துழாவலை நிறுத்திவிட்டு எழப் பார்க்கிறார்கள். அங்கேதான் தாடையைத் தாழ்த்தி, நெஞ்சை அழுத்தி, இன்னும் இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். பிடித்துவிட்டால் சத்தமே மாறும்: சலக் சலக் என்று அடித்துக்கொண்டிருந்தது நின்று, போர்டின் அடியில் 'ஸ்ஸ்' என்று ஒரே சீராகக் கேட்கும். அது கேட்ட பிறகு எழுந்தால் போதும். அடுத்த ட்ரிப்பில் ஒரு காலை முழுக்க எழவே எழாமல், படுத்தபடியே பத்து அலை கரைவரைக்கும் வாருங்கள். போட்டோ நன்றாக இருக்காது, பரவாயில்லை.

எந்தக் கால் முன்னால்?
— விவேக் நகர்

சாக்ஸ் போட்டுக்கொண்டு ஹால் மொசைக்கில் ஓடிவந்து வழுக்கிப் பாருங்கள். தானாக முன்னால் போகிற காலே முன் கால். இடது முன்னால் வந்தால் ரெகுலர், வலது வந்தால் கூஃபி. போர்டைக் காலோடு கட்டும் கயிறு, அதாவது லீஷ், பின் காலில்.

ஜூன் மாதம் எங்கள் டீம் மொத்தமும் முல்கி போகலாம் என்று முடிவாகியிருக்கிறது. ஏற்பாடு என் தலையில். நல்ல சீசன்தானே?
— ஒயிட்ஃபீல்ட்

இல்லை. மங்களூர்ப் பக்கத்து முல்கி நல்ல இடம். நாட்டில் சர்ஃபிங் வேர் பிடித்த பழைய ஊர்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் கடல் அங்கே புதியவர்களுக்கு ஆகாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைதான் என்றாலும், கரையேறிக் கிடக்கிற படகு வரிசையைப் பார்த்தாலே உங்கள் டீமுக்குப் புரியும். அக்டோபருக்கு மேல் வையுங்கள்.

ஜூனிலேயே போக வேண்டும் என்றால் கிழக்கே திரும்புங்கள்: சென்னைப் பக்கத்துக் கோவளம், மகாபலிபுரம், புதுச்சேரி. அந்த மாதங்களில் தெற்கிலிருந்து நல்ல அலை வரும். காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். விடியலில் நிலத்திலிருந்து வீசும் காற்று அலையின் முகத்தை வழித்து விட்ட மாதிரி வைத்திருக்கும். வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பியதும் எல்லாம் குழம்பிவிடும். மகாபலிபுரத்தில் கோயில் பக்கத்துப் பாறை அலை அழகாகத்தான் தெரியும், உங்கள் டீம் அங்கே போக வேண்டாம். மணல் தரையில் கற்றுக்கொள்ளட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கே வாடை முறை, அதாவது வடகிழக்குப் பருவமழை. புயல் காலம், அப்போது மேற்கே போங்கள்.

கிளம்புவதற்கு முன் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற அரசுக் கடல் தகவல் மையம் வெளியிடும் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். அலையின் உயரத்தோடு இடைவெளி நொடியையும் படிக்க வேண்டும். ஒரே உயர அலைதான், ஆனால் 6 நொடிக்கு ஒன்று வருவது சிணுங்கல், 14 நொடிக்கு ஒன்று வருவது ஓங்கி விழும் அறை. 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தால் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். காற்றே இல்லாத வெயில் நாளில் தூரத்துத் தென்கடல் புயலின் அலை திருடனைப் போலச் சொல்லாமல் கரையேறுவதால்தான் அந்தப் பெயர்.

நீச்சல் தெரியாது. போர்டு மிதக்கும், காலில் லீஷ் கட்டியிருக்கும். போதாதா?
— பெயர் வேண்டாம்

போதாது. லீஷ் அறுகிறது, அறுந்து பார்த்திருக்கிறேன். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், கையைக் காலை ஆட்டாமல் பத்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும் வந்த பிறகு எழுதுங்கள்.

இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டம் என்கிறார்களே, அதை எப்படித் தெரிந்துகொள்வது?
— அல்சூர்

இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாக, சில சமயம் மணல் கலங்கித் தெரிந்தால் அதுதான். புதியவர்கள் 'இங்கே அலை இல்லை, பத்திரம்' என்று நேராக அதற்குள்தான் இறங்குகிறார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. சிக்கினால் போர்டை விடாதீர்கள், கரையைப் பார்த்து மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவினால் வாய்க்கால் முடிந்துவிடும். தெரிந்தவர்கள் அதே வாய்க்காலில் ஏறித்தான் சிரமமில்லாமல் உள்ளே போகிறார்கள்.

பெங்களூரிலேயே என்ன பயிற்சி செய்யலாம்? ஏரி ஏதாவது?
— பெல்லந்தூர்

உங்கள் ஏரியில் நுரைக்குப் பஞ்சமில்லைதான், அலைதான் இல்லை. நீச்சல் குளம் போதும். வாரம் மூன்று நாள் ஃப்ரீஸ்டைல். வீட்டில் பாய் விரித்து எழும் பழக்கம்: உள்ளங்கை இரண்டும் விலா எலும்பு ஓரம், பார்வை எதிர்ச் சுவரில், ஒரே தள்ளில் முன் பாதம் கைகளுக்கு நடுவே. தினம் இருபது முறை. முட்டி தரையைத் தொட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முட்டி போட்டு எழுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் மாற்ற மாதக்கணக்காகும்.

பழைய போர்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 5 அடி 10 அங்குலம், கூர்மூக்கு, பார்க்கவே அம்சம். வாங்கட்டுமா? என் எடை 78 கிலோ.
— கோரமங்கலா

நானும் அப்படி அம்சமாக ஒன்று வாங்கினேன். ஒரு வருடம் அதன் மேல் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். போதாக்குறைக்கு அதன் அடியில் துடுப்பு மாதிரி நிற்கும் ஃபின் கெண்டைக்காலில் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. போர்டின் கன அளவுக்கு லிட்டர் கணக்கு உண்டு. கற்கும்போது உங்கள் கிலோவுக்குக் குறையாத லிட்டர் வேண்டும். 8 அல்லது 9 அடி ஃபோம் போர்டை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். வாங்கினாலும் மடிவாளாவில் அதை எந்தக் கண்டக்டரும் ஏற்ற மாட்டார்.

எனக்கு 47 வயது. மகாபலிபுரத்தில் 2025 ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியதிலிருந்து பையனுக்கு சர்ஃபிங் பைத்தியம். வகுப்புக்கு அவனைக் கூட்டிப் போய்க் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். நானும் இறங்கலாமா? அந்த உடையெல்லாம் எனக்குச் சரிப்படாது.
— ஸ்ரீராமபுரம்

தாராளமாக இறங்குங்கம்மா. ரேஷ் கார்டு என்கிற, உடம்போடு ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டை, முழு நீள லெகிங்ஸ் போதும். சொல்லப்போனால் எல்லாருமே அப்படித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் போர்டு உரசி வயிறும் மார்பும் எரியும், வெயில் முதுகை உரித்துவிடும். தளர்ந்த சுடிதார் மட்டும் வேண்டாம், தண்ணீரில் கனத்துக் காலைச் சுற்றும். முட்டிவலி இருந்தால் பயிற்சியாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விழும்போது தலைகீழாகப் பாயாமல் பக்கவாட்டில் தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது இரு கையாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள், போர்டு அங்கேதான் எங்காவது இருக்கும்.

கோவளத்தில் நான் பிடித்த அலையில் இன்னொரு பையனும் வந்து, என்னையே திட்டினான். கடல் என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா?
— ஜெயநகர்

அலை எங்கே முதலில் உடைகிறதோ, அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே அது சொந்தம். நீங்கள் எழுதியனுப்பிய விவரத்தைப் பார்த்தால் அவன் ஏற்கனவே எழுந்து வந்துகொண்டிருக்கிறான், நீங்கள் குறுக்கே ஏறியிருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.