பத்மினியைக் கொண்டுபோகக் கூச்சமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1978 பிரீமியர் பத்மினியைப் பழைய கார் கண்காட்சிக்கு முதல் தடவையாகக் கொண்டுபோகிறேன். பளபளக்கும் வண்டிகளுக்கு நடுவே இதைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று தூக்கமே வரவில்லை.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, என் கதையைக் கேளுங்கள். ராயபுரத்திலிருந்து என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கொண்டுபோன முதல் தடவை, "யார் வண்டி?" என்று ஒருவர் கேட்டார். "முதலாளியோடது, நான் டிரைவர்" என்று சொல்லிவிட்டேன்! அப்புறம் ஒரு பெரியவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஹெரால்டில் மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுக்க அப்படியே முன்னால் சாயும். திறந்ததும் கூட்டம் கூடிவிட்டது. "இது நம்ம மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி" என்று என்னை அறியாமல் பேச ஆரம்பித்தேன். டிரைவர் வேஷம் அதோடு கலைந்தது.

உங்கள் பத்மினியில் ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருக்குமே, அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். 1089 சிசி என்ஜின் என்று சொல்லுங்கள். கதவடியில் துரு இருந்தால் முந்தின ராத்திரி பட்டி பூசி மறைக்காதீர்கள், அது துருவைவிட அசிங்கமாகத் தெரியும். கேட்டால் காசிமேட்டு உப்புக்காற்று என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்கும் அதே கதைதான்.

கன்டெய்னர் லாரிகள் வழியை அடைப்பதற்குள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஒரு ஃபேன் பெல்ட், ரேடியேட்டருக்குத் தண்ணீர், ஒரு துணி எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பெட்ரோல் ஏறாமல் நின்றுவிட்டால், துணியை நனைத்து என்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள், கிளம்பிவிடும்.