நாய்க்கு நன்னாரி, பூனைக்கு ரோஸ் மில்க்: கேளுங்க, சொல்றேன்

அக்னி நட்சத்திரம் பிறந்ததிலிருந்து ஒரே கேள்விதான் விதவிதமான டம்ளரில் வருகிறது: வெயிலுக்கு நாய், பூனைக்கு இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்கலாமா? முப்பது வருஷம் கால்நடை வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கு இனிப்புப் பானங்கள் மட்டும். உண்ணி, சொறி எல்லாம் இன்னொரு நாள்.

மாடித்தோட்டம்: எங்க பொமரேனியன் 6 கிலோ. வெயிலுக்குத் தினம் 100 மில்லி மாம்பழ ஜூஸ் தர்றோம். ஆசையா குடிக்குது. தப்பா சார்?

பதில்: தப்புதாம்மா. நமக்கு வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில் மட்டும், அதுவும் சொற்பம். நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போது போவது பெரும்பாலும் வெறும் நீர். போனது தண்ணீர், கொடுக்கவேண்டியதும் தண்ணீர்.

அந்த எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கலோரி போதும். 100 மில்லி ஜூஸிலேயே ஐம்பது சொச்சம் போய்விடும். நம் கணக்கில் சொன்னால் தினமும் நாலைந்து இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிற மாதிரி. அதோடு, குடலில் அளவுக்கு மிஞ்சித் தங்கும் சர்க்கரை உடம்பு நீரையே இழுத்து வயிற்றுப்போக்கில் விடும். தாகத்துக்குக் கொடுத்தது, இருக்கிற நீரையும் பிடுங்கிக்கொள்ளும்.

வெயிலில் மயங்கிய நாய்க்கு எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பை நனைத்து, காற்றாடிக்கு முன்னால் கிடத்தி, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

டவரா செட்: அப்பா காபி மிச்சத்தை நாய்க்கு நக்கக் கொடுக்கிறார். சொன்னா கேக்க மாட்டேங்கிறார்.

பதில்: அடியில் கிடக்கும் ஒரு வாய்க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பழக்கின நாய் அடுத்து டிகாக்‌ஷன் பாத்திரத்தில் வாயை வைக்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் காஃபீன் வாக்கில் படபடப்பு, வாந்தி தொடங்கும், 40ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60 வாக்கில் வலிப்பு. 250 மில்லி எனர்ஜி டிரிங்க் டின்னில் சுமார் 75 மில்லிகிராம் இருக்கிறது. 3 கிலோ குட்டி அதைக் காலி செய்தால் கிலோவுக்கு 25. அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சிப்பிப்பாறைக்காரன்: குட்டிக்கு வாந்தி, பேதி. குளுக்கோஸ் பவுடர் கரைச்சுக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தடுப்பூசி போடாத குட்டி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. ஓஆர்எஸ் வேறு, குளுக்கோஸ் தண்ணீர் வேறு. உலக சுகாதார அமைப்பின் ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம்தான் குளுக்கோஸ், கூடவே அளவான உப்பு. கைக்கு வந்தபடி பவுடரை அள்ளிப் போட்டால் பேதி கூடும். வாந்தி எடுக்கிற குட்டிக்கு வாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள். கிளம்புங்கள்.

கருப்பட்டிப் பிரியன்: வெள்ளைச் சர்க்கரைதான் விஷம். கருப்பட்டித் தண்ணி இயற்கை.

பதில்: நாயின் கணையத்துக்குப் பனைமரம் தெரியாது.

தென்காசி மருமகள்: நன்னாரி சர்பத்? பதநீர்? கரும்புச்சாறு?

பதில்: இல்லை. இல்லை. இல்லை. வெயிலில் புளித்த பதநீர் கள், அதை நாய்க்கு வைப்பது இன்னும் மோசம். இளநீர் ஆரோக்கியமான நாய்க்கு இரண்டு ஸ்பூன் போனால் பரவாயில்லை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதுவும் கூடாது, பொட்டாசியம் அதிகம்.

ஐடி பையன்: அப்போ சுகர் ஃப்ரீ குடுத்தா பிரச்னை இல்லையே?

பதில்: இதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். சைலிட்டால் என்று ஓர் இனிப்பூட்டி, உறையில் 967 என்ற எண்ணிலும் இருக்கும். சூயிங்கம், பற்பசை, சில சர்க்கரையில்லா சிரப்புகளில் சேர்ப்பார்கள். நமக்கு ஒன்றும் செய்யாது. நாயின் கணையமோ அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினை மடை திறந்து விட்டுவிடும். பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை விழுந்து தள்ளாட்டம், வலிப்பு. கிலோவுக்கு 0.1 கிராமே அதற்குப் போதும். 0.5 கிராமுக்கு மேல் ஈரலே செயலிழக்கலாம். நம்மூர் மாத்திரை இனிப்புகளில் பெரும்பாலும் ஆஸ்பர்டேமும் சுக்ரலோஸும்தான், அவை இந்த வேலையைச் செய்யாது. ஆனாலும் உறையைப் படியுங்கள்.

கருப்பட்டிப் பிரியன்: எங்க டாக்டர் குட்டி மயங்கினப்போ ஈறுல தேன் தடவச் சொன்னாரே. அது சர்க்கரை இல்லையா?

பதில்: சொன்னது சரி. சர்க்கரை விழுந்துவிட்ட குட்டிக்கு ஆஸ்பத்திரி போகிற வரை அது கைவைத்தியம். தடவத்தான் சொன்னார், ஊற்றச் சொல்லவில்லை. தீயணைப்பு வண்டி தண்ணீர் அடிக்கிறதே என்று வீட்டுக்குள் தினமும் குழாயைத் திறந்து விடுவீர்களா?

மீனாவின் அடிமை: எங்க பூனை ரோஸ் மில்க்னா உயிரை விடும். அதுக்கு இனிப்புப் பிடிக்கும் சார்.

பதில்: பூனைக்கு இனிப்பே தெரியாதம்மா. இனிப்பை உணரும் ஏற்பிக்கு வேண்டிய டாஸ்1ஆர்2 மரபணு அதனிடம் செத்துக் கிடக்கிறது, அதன் மரபுக் குறியீட்டில் நடுவே 247 எழுத்துகள் காணோம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தார் 2005இல் கண்டுபிடித்தார்கள். புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் அதே கதி. உங்கள் பூனை உயிரை விடுவது பாலின் கொழுப்புக்கு.

மீனாவின் அடிமை: கண்ணால பார்க்கிறேன் சார். நீங்க மரபணு சொல்றீங்க.

ஐடி பையன்: எங்க பூனை ஜிலேபி நக்குச்சு. நெய்யா இருக்குமோ?

பதில்: நெய்யேதான் தம்பி. அம்மா, ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர், ஒன்றில் சர்க்கரை கரைத்த தண்ணீர், பால் கூடாது. ஒரு நாள் வைத்துப் பாருங்கள், சோதனைக்கு மட்டும். ருசி தெரியாததால் சர்க்கரை சும்மா போய்விடாது. இறைச்சி தின்னப் பிறந்த உடம்பு அது, திடீரென்று வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கும் முக்கிய நொதி ஈரலில் மிகக் குறைவு. பாலில் உள்ள லாக்டோஸும் வளர்ந்த பூனைகள் பலதுக்குச் செரிக்காது. குண்டானால் நம் இரண்டாம் வகை நீரிழிவு மாதிரியே வரும். அடிக்கடி தண்ணீர் குடித்து, மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் அன்றே ரத்தப் பரிசோதனை.

கோவை குமார்: சார், ஃப்ரூட் ஜூஸ் நாய்க்குத் தரலாமா?

பதில்: முதல் கேள்வி.

அப்பாஸ்: கோலா?

பதில்: இரண்டாவதும் படியுங்கள். 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை, கூடவே காஃபீன்.

புதுசு: ரோஸ் மில்க்...

பதில்: தம்பி, மேலே போங்க.

மீனாவின் அடிமை: ரெண்டு கிண்ணமும் வச்சேன் சார். ரெண்டையும் தட்டிவிட்டுட்டு, குளியலறை வாளியில போய்க் குடிச்சது.

பதில்: வாளியைக் கழுவி வையுங்கள்.