கை மரப்பது இருக்கட்டும், மலம் ஏன் கறுத்தது?

இரவில் கை மரத்துப்போகிறதே, பக்கவாதமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதம் இல்லை. அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வந்துவிடுமோ என்ற பயம்தான் இரண்டு பக்கக் கடிதத்திலும் வரிக்கு வரி தெரிகிறது. அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம். பக்கவாதம் திடீரென்று வரும். பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கும். முகம் கோணும், தூக்கிய கை தானாக இறங்கும், பேச்சு குழறும். ஆறு வாரமாக, இரண்டு கைகளிலும், இரவில் மட்டும் விரல்கள் மரத்துப்போய், எழுந்து உதறியதும் சரியாகிவிடுகிற பக்கவாதத்தை நான் பார்த்ததில்லை.

கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான் மரக்கின்றன, சுண்டுவிரல் மரப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கவனிப்பு, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை உண்டு. அதற்குள் போகிற நரம்பு நெருக்கப்பட்டால், அந்த நரம்பு போய்ச் சேரும் விரல்கள் மட்டும் மரக்கும். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. கார்பல் டனல் என்று இதற்குப் பெயர். பகலெல்லாம் மாமனாரைத் தூக்கி உட்காரவைத்து, பையனைப் பரீட்சைக்குப் படிக்கவைத்து, இரவு பத்து மணிக்கு மேல் சிறுவர் புத்தகத்துக்குப் படம் வரைகிற கைக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஸ்ப்ளின்ட் கட்டிக்கொள்ளுங்கள், ஆறு வாரம் கட்டிப் பார்க்கலாம். தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டை விரலின் அடிச்சதை வற்றினாலோ, பிடித்த தூரிகை கை நழுவினாலோ தாமதிக்காமல் காட்டுங்கள்.

இமை துடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள், அது தூக்கக் குறைவால். மூளைக் கட்டி, நரம்புச் சிதைவு என்று இணையம் கொடுத்த பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வராததற்கும் தினம் நான்கு மணி நேரத் தூக்கமே போதுமான காரணம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இணையத்தில் தேடாத ஒன்றே ஒன்றுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கடைசியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "பத்து நாளாக மலம் கறுப்பாக, பசை மாதிரி போகிறது. இரும்புச்சத்து மாத்திரையால் இருக்கும்." அதற்கு நாலு வரி மேலே, முடி கொட்டுகிறது என்று இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்கி நான்கு நாள் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு இடிக்கிறதே! மாத்திரை தொடங்குவதற்கு ஆறு நாள் முன்பே மலம் கறுத்தது எப்படி?

இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் அது கரும்பச்சை சாயலில், சாதாரண மலம் போலத்தான் இருக்கும். தார் மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டி, தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாமல், வழக்கமில்லாத நாற்றம் அடித்தால் அது பெரும்பாலும் இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசிந்த ரத்தம். அது குடல் வழியே வருவதற்குள் கறுத்துவிடுகிறது. மலம் இப்படி ஆக 50 முதல் 100 மில்லி ரத்தமே போதும். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, மாடி ஏறினால் படபடப்பு என்று நீங்கள் 'டென்ஷன்' கணக்கில் எழுதியவற்றையும் இதோடு சேர்த்துப் படிக்கிறேன்.

ஏன் கசிகிறது? கைவலிக்குக் காலையில் மாமனாரின் மூட்டுவலி மாத்திரை டைக்ளோபெனாக், இரவில் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிய ஐபுப்ரோபென். ஐந்து வாரமாக! இரண்டும் ஒரே குடும்பம். வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத்தான் இவை தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திடமிருந்து காக்கிறது. "சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன்" என்று சமாதானம் வேறு. மாத்திரை ரத்தத்தில் கலந்தும் இதே வேலையைச் செய்கிறது, சாப்பாடு அதைத் தடுக்காது. வயிறு வலிக்கவில்லையே என்றும் இருந்துவிடாதீர்கள். வலி மாத்திரை போடுகிறவர்களுக்குப் புண் வலிக்காமலே ரத்தம் கசிவதுண்டு. மாமனாரும் இதைத் தினமும் போடுகிறார் என்றால், அந்த வயதில் அவருக்கும் இது ஆபத்துதான். அவருடைய மருத்துவரிடம் அதையும் கேளுங்கள்.

உங்களுக்குத் தனியாகவும் தகவல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்க்காமல் இதைத்தான் முதலில் படிக்கிறீர்கள் என்றால், இத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இன்றைக்கே, யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு. இரண்டு வலி மாத்திரைகளையும் நிறுத்துங்கள், ஆனால் அட்டைகளை எடுத்துப் போய்க் காட்டுங்கள். மலம் கறுத்ததும் இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதும் எந்தெந்த நாள் என்று சொல்லுங்கள். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், அநேகமாக வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபியும் செய்வார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. முடி ஏன் கொட்டுகிறது என்பதும் அங்கேயே தெரிய வரலாம். மயக்கம் வந்தாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் மாதிரி எதுவுமோ வந்தாலோ நடுராத்திரி என்றும் பார்க்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. 'எல்லாம் மன உளைச்சலால் வந்த அல்சர்' என்று பக்கத்து வீட்டில் சொன்னதையும் விடுங்கள். அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: இந்த வலி மாத்திரைகள், அப்புறம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இதை நிரூபிக்க 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். 2005-ல் அவருக்கும், அவரோடு இந்தக் கிருமியைக் கண்டறிந்த ராபின் வாரனுக்கும் நோபல் கொடுத்தார்கள். எண்டோஸ்கோபி செய்யும்போது அந்தக் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

இன்னும் ஒன்பது படங்கள் பாக்கி, மூன்று வாரம் கழித்து டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மணிக்கட்டுக்காக என்றால் தாராளமாகப் பார்க்கலாம், படங்களையும் வரையலாம், நடுநடுவே கைக்கு ஓய்வு கொடுத்து. வயிற்றுக்கு மூன்று நாள்கூடத் தர மாட்டேன்.