பளிச்சுன்னு மின்னுனா அது ஜிங்க் தானா?

கேள்வி: வணக்கம் சார், நாங்க பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. பொண்ணு கோயமுத்தூர்ல கெமிஸ்ட்ரி ரிசர்ச் பண்றா. புதுசா ஒரு டை (சாயம்) செஞ்சிருக்காளாம், உயிருள்ள செல்லுக்குள்ள ஜிங்க் இருந்தா பச்சையா ஒளிருமாம். அது எப்படி சார்? எங்க போர்வெல் தண்ணில போட்டா ஃப்ளோரைடு தெரியுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், தெரியாது. ஜிங்க் அயான் பாசிடிவ், ஃப்ளோரைடு நெகடிவ், ஜிங்க்கைப் பிடிக்கன்னு செஞ்ச டை அதைச் சீண்டாது. சித்தூர் தாலுகா கிழக்குப் பக்கம் ஃப்ளோரைடு தொல்லை உங்களுக்கே தெரியும், தண்ணிய லேப்ல குடுத்துப் பாருங்க, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுனா குடிக்க வேண்டாம்.

இப்ப டை விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரி டைல ஒரு பக்கம் ஒளிர்ற பகுதி, இன்னொரு பக்கம் மெட்டலைப் பிடிக்கற நைட்ரஜன். சும்மா இருக்கறப்போ டை மேல லைட் பட்டாலும் நைட்ரஜன்ல இருக்கற எலக்ட்ரான் தாவி வந்து ஒளியக் கெடுத்துடும், ஜிங்க் வந்து ஒட்டிக்கிட்டா அந்த எலக்ட்ரான் அதோட பிடியில மாட்டிக்கும், தாவ முடியாது, டை பளிச்சுன்னு ஆயிடும். இந்த வழியில நெறைய சென்சார் செஞ்சு காட்டுனவர் பெல்ஃபாஸ்ட்ல வேலை பார்த்த இலங்கைக்காரர் பிரசன்ன டி சில்வா. காப்பர் கதை வேற, பல டைகள்ல அது வந்தா வெளிச்சம் அணைஞ்சிடும், எனக்கு அந்த வகை மேல அவ்வளவா நம்பிக்கை இல்ல, செல்லுக்குள்ள இருட்டாகறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு.

வெறும் வெளிச்சத்தையும் அப்படியே நம்பிட முடியாது. ஒரு செல்லுல டை கூட ஏறியிருந்தாலே அது அதிகமா மின்னும். அதனாலதான் 1985ல ரோஜர் சியென் குழு கால்சியத்துக்கு ஃபியூரா-2ன்னு ஒரு டை கொண்டுவந்தாங்க, 340, 380 நானோமீட்டர்னு ரெண்டு அலைநீளத்துல லைட்ட மாத்தி மாத்தி அடிச்சு, வர்ற ஒளிய ஒண்ணால ஒண்ண வகுத்துப் பார்த்தா டை எவ்வளவு ஏறுச்சுங்கறது கழிஞ்சு போயிடும். (அவருக்கு 2008ல நோபல் கிடைச்சது இதுக்கில்ல, ஜெல்லிமீனோட பச்சைப் புரோட்டீன் வேலைக்கு.)

இன்னொரு வில்லன் ஆசிட். செல்லுக்குள்ள லைசோசோம்னு அமிலமான இடம் இருக்கு, அங்க ஆசிட்ல இருக்கற புரோட்டான் (ஹைட்ரஜன் அயான்) போய் டையோட அதே நைட்ரஜன்ல உக்காந்துடும், ஜிங்க் இல்லாமலேயே பச்சையா ஜொலிக்கும், பார்க்கறவங்க ஆஹான்னு பேப்பர் எழுதிடுவாங்க. இதப் பிடிக்க டிபிஈஎன்னு (TPEN) ஒரு கெமிக்கல் இருக்கு, ஜிங்க்கை ரொம்ப இறுக்கமாப் பிடிச்சு டைகிட்ட இருந்து பிடுங்கிடும். மைக்ரோஸ்கோப்ல பார்த்துக்கிட்டே அதச் சேர்த்தா பச்சை மங்கணும், மங்கலைன்னா ஜிங்க்னு சொல்லக் கூடாது. இந்த டெஸ்ட் பண்ணியாச்சான்னு பொண்ணுகிட்ட கேட்டுப் பாருங்க, அப்பா எங்கிருந்து இதெல்லாம் படிச்சாருன்னு முழிப்பா.