நட்ட தென்னம்பிள்ளை வேர் பிடிக்க: ராமநாதபுரம் கடலோர ஊர்களின் கேள்வி பதில்

உச்சிப்புளி: அண்ணே, தென்னம்பிள்ளை நட்டு மூணு வாரமாச்சு. கீழ் ஓலை ரெண்டு காஞ்சிருச்சு. செத்துப்போச்சா?

கீழ் ஓலையை வச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி. நாற்றங்காலில் பிடுங்கும்போது வேர் அறுந்திருக்கும். மிச்ச வேர் இழுக்கிற தண்ணீர் எல்லா ஓலைக்கும் பத்தாததால், பழைய ஓலை முதலில் காயும். நீங்க பார்க்க வேண்டியது நடுக்குருத்தை. குருத்துக்கும் பக்கத்து ஓலைக் காம்புக்கும் சேர்த்து ஒரே மட்டத்தில் மையால் கோடு போடுங்க. குருத்தில் இருக்கிற கோடு மட்டும் மேலே ஏறினால் பிள்ளை வளருது. லேசாக இழுத்ததும் குருத்து கையோடு வந்து, அடியில் நாற்றமடித்தால் அழுகல். தென்னைக்கு வளரும் முனை அது ஒன்றுதான், போனால் பக்கத்தில் துளிர்க்காது. கீழ் ஓலை முழுக்கக் காயும்வரை வெட்ட வேண்டாம், அதிலிருக்கிற சாம்பல் சத்தை (பொட்டாஷ்) இளம் ஓலை இழுத்துக்கொள்ளும்.

தேவிபட்டினம்: கிணற்றுத் தண்ணி உப்புக் கரிக்குது. எப்படி ஊற்றணும்?

தினமும் கொஞ்சமாகத் தெளிக்கவே கூடாது. ஈரம் ஆவியாகி உப்பு வேரடியில் தங்கும், ஓலை நுனி கருகும். ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் இரண்டு குடம், ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்க. ஓலையில் படவேண்டாம். மோட்டாரை நெடுநேரம் ஓட்டாதீங்க. நம்ம கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் கிடக்கு, உறிஞ்ச உறிஞ்ச அடி உப்பு ஏறிவரும்.

மண்டபம்: வெறும் மணல். இனி நடப்போற குழிக்கு என்ன போடணும் ஐயா?

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. அடியில் தேங்காய் மட்டையை உட்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் மணல் போடுங்க. மட்டை ஊறி ஈரம் காக்கும். அதன்மேல் மேல்மண், மக்கிய எரு, உவரில்லாத கண்மாய் வண்டல் கலந்து 2 அடி உயரம்வரை நிரப்பி நடுங்க. காய் மண்ணுக்குள்ளும், தண்டு காயிலிருந்து கிளம்புகிற கழுத்து வெளியிலும் இருக்கணும். மேலே ஒரு அடி பள்ளமாகவே கிடக்கட்டும். மழையில் மணல் சரிந்து கழுத்தை மூடினால் அன்றைக்கே அள்ளிவிடுங்க, பிள்ளை அழுகுவது பெரும்பாலும் அங்கேதான். மேற்கிலும் தெற்கிலும் பனையோலை மறைப்பு வேணும். காற்றில் பிள்ளை ஆடினால் புதுவேர் அறும், குச்சி ஊன்றிக் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்க.

பெரியபட்டினம்: நடும்போதே உரம் போடலாமா?

வேண்டாம். அறுந்த வேர் கருகிப்போகும். 3 மாதம் கழித்து யூரியா 100 கிராம், சூப்பர் பாஸ்பேட் 200, பொட்டாஷ் 200, தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டுத் தண்ணீர் விடுங்க.

தங்கச்சிமடம்: புது ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டின மாதிரி இருக்கு.

காண்டாமிருக வண்டு. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தையொட்டிய ஓலை இடுக்குகளில் போடுங்க. பக்கத்து எருக்குழியைக் கிளறுங்க தங்கச்சி, புழு அங்கேதான் வளரும். பொறுக்கி அழிக்காமல் மருந்து மட்டும் போட்டால் வண்டு திரும்ப வரும்.

சாயல்குடி: பனங்கன்றைப் பிடுங்கி நடலாமா?

கூடாது. பனை முளை நேராக மண்ணுக்குள் இறங்கித்தான் கிழங்கு வைக்கும், கன்றின் குருத்தும் அந்த ஆழத்தில்தான் இருக்கு. தோண்டும்போது ஒடிந்தால் கன்று போச்சு. ஆவணி, புரட்டாசியில் கொட்டையையே 10 அடிக்கு ஒன்றாக ஊன்றுங்க, ஐப்பசி மழை போதும். ஓலை வெளியே தெரிய மாதக்கணக்காகும், அதுவரை தோண்டிப் பார்க்காதீங்க.